அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு கீரைத் தோட்டம்

ஈரக் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு டூவீலரின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் ஆபீஸ் வந்து சேர்வதற்குள் சுடிதார் முழங்கால் வரை நனைந்துவிடும். அன்று சாயங்காலம் வரை என் மேஜையைச் சுற்றி மண்ணும் கீரையும் கலந்த வாசனைதான்...

இருபது வருஷம் இருக்கும். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அதுதான் முதல் வேலை. சின்ன சர்வே ஆபீஸ். இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் புதிதாக நகரத் திட்டம் போடப் போகிறார்கள். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நாங்கள் நேரில் பார்த்து வரைபடத்தில் குறித்து வர வேண்டும். வீடு என்றால் மஞ்சள், கடை என்றால் நீலம், கம்பெனி என்றால் ஊதா, வயல் என்றால் பச்சை. ஒன்றும் இல்லாத காலி மனைக்கு வெள்ளை.

என்னோடு வருபவர் செல்வம் அண்ணன். திருவேற்காட்டுக்காரர். வண்டி ஓட்டுவார், டேப் பிடிப்பார், நாய் துரத்தினால் அதனிடமும் பேசிச் சமாளிப்பார்.

ஏரிக்கரையை ஒட்டி அரை ஏக்கர் இருக்கும். மூன்று பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. லேஅவுட் போட்டபோது பொதுவுக்கு என்று ஒதுக்கிய இடம் அது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே முன்பு நெல் வயல் இருந்த காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட கஸ்தூரி அக்காவும் அவர் கணவரும் அதில் பாத்தி கட்டிவிட்டார்கள். சிறுகீரை, அரைக்கீரை, ஓரமாகக் கொஞ்சம் புளிச்சக்கீரை... நாங்கள் போனபோது அக்கா பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"காலி மனைன்னு போட்டுக்கமா, போலாம்," என்றார் செல்வம் அண்ணன்.

அக்கா காதில் விழுந்துவிட்டது.

"இன்னாது, காலியா? அப்போ நானு இன்னா, காத்துக்கா தண்ணி ஊத்திகினு கீறேன்?"

நான் பச்சைப் பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டு, உள்ளே 'கீரைத் தோட்டம்' என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார்; நான் வண்டியில் ஏறியதும் ஒரு கீரைக்கட்டை என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு எந்தத் தெருவுக்கு சர்வே போனாலும் ஏதாவது சாக்கு சொல்லி அந்த வழியாகத்தான் திரும்புவோம்.

ஆபீஸில் எங்கள் சார் வரைபடத்தைப் பார்த்தார். "விவசாயம்னா ஊருக்கு வெளியில காட்டுறது. டவுனுக்குள்ள அந்தக் கலர் வராது. அழிச்சிடும்மா," என்றார்.

அழித்துவிட்டேன். முதல் வேலை... பயம். வேறு காரணம் இல்லை.

சில மாதங்கள் கழித்து, மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவரில் எங்கள் வரைபடம். நல்ல சேலை கட்டிக்கொண்டு கஸ்தூரி அக்கா வந்திருந்தார். "எங்க எடம் எதுமா?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன்.

"வெள்ளையா கீதே..."

"சார் அழிக்கச் சொன்னாருக்கா. நான் அழிச்சிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தார். "நீயும் துன்ன கீரதானேமா அது," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இடத்தைத் தோட்டமாகவே விட வேண்டும் என்று மனு எழுதினேன். முதல் கையெழுத்து செல்வம் அண்ணன். "வேல போனா போவுது. எங்க ஊட்ல தெனம் இந்தக் கீரதான்," என்றார். டிரெய்னேஜ் புகாரோடு வந்திருந்த ஃபிளாட்காரர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, "பார்க்கலாம்," என்றார்.

பார்த்தார்கள். இறுதி வரைபடத்தில் அந்த இடம் பச்சை.

மத்தியான வெயிலில் அயனம்பாக்கத்துக்கு ஓடினோம். அக்கா பாத்திக்குள் நின்றபடியே சிரித்தார். அவர் கணவர் டீ வாங்கி வந்தார். வரப்பில் உட்கார்ந்து நாலு பேரும் குடித்தோம். அந்த டீயைப் போல ஒன்றை நான் பிறகு குடித்ததில்லை.

அடுத்த வருஷம் கம்பமும் வேலியும் வந்து இறங்கின. வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. டவுனுக்குள் பச்சை என்றால் பூங்கா. பூங்காவில் புல் வளர்க்கலாம், நடைபாதை போடலாம். கீரை விதைக்க அனுமதி கிடையாது.

மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். அக்கா எல்லாப் பாத்தியையும் அறுத்து, சுற்றியிருந்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் போய் நின்றபோது, "நீ இன்னா பண்ணுவ, உடுமா," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அவர் சென்னீர்குப்பத்தில் ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங். நான் இன்னும் அதே துறையில்தான் இருக்கிறேன். புதிதாகப் போடும் நகரத் திட்ட அறிக்கையில் நகர்ப்புற விவசாயத்துக்கென்று தனி அத்தியாயமே வைக்கிறோம். பூங்காவில் ஒரு பகுதியைக் காய்கறி பயிரிட விடலாம் என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நிற்குமா என்று தெரியாது. போன மாதம் அக்காவைப் பார்த்தபோது சொன்னேன்.

"முட்டி போச்சுமா," என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "குந்திகினே வெத தூவலாம், அது ஒண்ணும் கஷ்டமில்ல..."

இப்போதெல்லாம் சர்வேக்கு யாரும் தெருவில் இறங்குவதில்லை. ட்ரோன் பறந்து படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஏசி அறையில் வேலை சீக்கிரம் முடிகிறது. தப்பும் குறைவு.

ஆனாலும் வெயிலில் வாசல் வாசலாக நின்று, "இங்க நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டு போன அந்த நாட்களுக்கு மனசு ஏங்குகிறது... ஒவ்வொரு இடத்திலும் பதில் சொல்ல ஓர் ஆள் நிமிர்ந்து பார்ப்பார்.