பெரியப்பா செய்த விளம்பரம்

இசை விழா அழைப்பு ஒன்று போனில் வந்தால், பாடுகிறவர் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவது என் வழக்கம். சிலவற்றில் கிடைக்கும். பலவற்றில் மாநகராட்சி உறுப்பினர், சங்கத் தலைவர், துணைத் தலைவர், பந்தல் போட்டவர் எல்லாரையும் தாண்டிக் கீழே இறங்கினால் 'வாய்ப்பாட்டு' என்று ஒரு வரி இருக்கும். பாடப்போவது மனிதரா ரேடியோவா என்று தெரியாது. மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்குச் சிரிப்பும் வரும், கூடவே வயிற்றெரிச்சலும் வரும். என் பெரியப்பா ஒரு வருடம் செய்த விளம்பரம்தான் அதற்குக் காரணம்.

மைசூரில் பிள்ளையார் வந்தால் கூடவே சங்கீதமும் வரும். வீதிக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு மேடை, சாயங்காலமானால் கச்சேரி. எங்கள் வீதிப் பந்தலுக்குப் பெரியப்பாதான் காரியதரிசி. கன்னடக்காரர்கள் நிறைந்த வீதியில் ஒரு தமிழர் எப்படிக் காரியதரிசி ஆனார் என்று கேட்டால், வேறு யாரும் அலையத் தயாராக இல்லை என்பதுதான் பதில். பெரியப்பாவுக்கு அலைச்சல் என்றால் சர்க்கரைப் பொங்கல். தொழிற்சாலையிலிருந்து வந்து ஒரு காபி குடித்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தால், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார்.

அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் எல்லாரோடும் ஒரே வீட்டில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே பாட்டு கற்றவள். கல்யாணங்களில் பாடியிருக்கிறாள், கோயிலில் பாடியிருக்கிறாள். பிடிலும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு மேடையில் ஒரு முழுக் கச்சேரி செய்ததில்லை. அது அவளுக்குத் தீராத ஆசை. அந்த வருடம் பெரியப்பா சங்கத்தில் பேசி அவளுக்கு ஒரு நாள் சாயங்காலத்தை வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வீடு முழுக்கக் கல்யாணி ராகம்தான். குளியலறையில் கல்யாணி, துணி காயப்போடும்போது கல்யாணி, குக்கர் விசிலுக்கு நடுவே கல்யாணி. அரை மணி நேரமாவது அதை விரித்துப் பாட வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு.

"யாராச்சும் வருவாங்களா அண்ணா? காலி சேருக்குப் பாடற மாதிரி ஆயிடப்போகுது."

"நீ பாட்டை மட்டும் பாரும்மா. கூட்டம் என் பொறுப்பு."

ப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்குப் பெரியப்பா என்னையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு போனார். எனக்கு பஸ் பாஸ் எடுக்க போட்டோ தேவைப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு அப்படியே ப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன் தமிழ்நாட்டு எல்லை ஓரத்துக் கௌதள்ளிக்காரர், தமிழ் பேசுவார். நடுவில் பிள்ளையாரை வைத்தார். மேலே பெரிய மனிதர்கள், பக்கவாட்டில் நடுத்தர மனிதர்கள், கீழே வாழ்த்துவோர் வரிசை. ஒரு முகத்தை விட்டுவிட்டாலும் அடுத்த வருடம் அந்த வீட்டில் வசூலுக்குப் போக முடியாது என்பதால் பெரியப்பா யாரையும் விடவில்லை. தன் முகத்தையும் விடவில்லை.

"பாடறவங்க போட்டோ எங்கீங்ணா?" என்று அந்த அண்ணன் கேட்டார்.

பெரியப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அது நம்ம வீட்டுப் பொண்ணுப்பா. நானே காரியதரிசி, நானே தங்கச்சி போட்டோவைப் பெருசா போட்டா, சங்கத்தையே வீட்டுக்கு எழுதி வாங்கிட்டான்னு பேசுவாங்க. பேரும் வேணாம். 'சங்கீதக் கச்சேரி'ன்னு போட்டா சாக்கு."

கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும். எங்கள் வீட்டில் அதைத் தமிழாகவே நினைத்திருந்தோம்.

"ஒரு மூலை காலியா இருக்குதுங்ணா, பார்க்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

பெரியப்பா சட்டைப் பையைத் தடவினார். என் பஸ் பாஸ் போட்டோ வந்தது. இரட்டைச் சடையும் பள்ளிக்கூட டையுமாக நான் வாழ்த்துவோர் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

அடுத்து மைக் கட்டிய ஆட்டோ. பெரியப்பாவே உள்ளே உட்கார்ந்து வீதி வீதியாக அறிவித்தார். யார் யார் மேடைக்கு வருகிறார்கள், யார் யாருக்கு மரியாதை செய்யப்படும் என்று மூச்சு விடாமல் கன்னடத்தில் சொல்லி, "கர்நாடக சங்கீதக் கச்சேரி, எல்லரூ பன்னி" என்று முடிப்பார். எல்லாரும் வாருங்கள் என்று அர்த்தம். செய்தித்தாளுக்குள் நோட்டீஸும் வைத்தார். அந்தப் பக்கத்தில் அவ்வளவு விளம்பரம் எந்தக் கச்சேரிக்கும் நடந்ததில்லை என்று ஆட்டோக்காரரே சொன்னாராம்.

முச்சந்தியில் ப்ளெக்ஸ் கட்டிய மறுநாள், அத்தை வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தாள். ப்ளெக்ஸ் முன்னால் நின்று மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"உன் முகம் ரொம்ப நல்லா வந்திருக்குடி" என்றாள்.

கச்சேரியன்று கூட்டம் அலைமோதியது. பெரியப்பா வாக்குத் தவறவில்லை. ப்ளெக்ஸில் இருந்த ஒவ்வொரு முகமும் தன் வீட்டாரோடும் தன் ஆட்களோடும் வந்திருந்தது. அத்தை பட்டுப்புடவையில் மேடையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்திருந்த பிடில்காரர் சுருதி சேர்த்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் மரியாதை செய்யும் நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகையை வைத்து, சால்வை போட்டு, பழத்தட்டு கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். பேட்டா வைத்த தலை சும்மா இறங்குமா? ஒவ்வொருவரும் சங்கீதத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார்கள். பிடில்காரர் மறுபடியும் சுருதி சேர்த்தார்.

நான் கவனித்தது வேறு. ஒருவர் பேட்டாவோடு கீழே இறங்கியதும் அவரோடு வந்த வரிசை முழுதும் எழுந்து போகும். அடுத்தவர் இறங்கினால் அடுத்த வரிசை. கடைசிச் சால்வை முடிந்தபோது வெளிச்சம் போய், விளக்குப் போட்டிருந்தார்கள். அத்தைக்கு அடுத்து சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா. அவர்களுடைய கீபோர்டு ஏற்கெனவே மேடை ஓரத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பா மேடைக்குப் பின்னால் ஓடிப்போய், "ஸ்வல்ப சுருக்கமா பண்ணிடும்மா" என்று கெஞ்சினார்.

அத்தை வர்ணம் பாடினாள். பிறகு ஒரு கீர்த்தனை. யாரோ சீட்டு அனுப்பியதால் ஒரு கன்னடப் பக்திப் பாட்டு. பந்தல்காரர் பின்வரிசை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் பாட்டோடு சேர்ந்து கேட்டது. கல்யாணியைத் தொடங்கி, நாலு ஸ்வரம் ஏறி, மேடை ஓரத்தைப் பார்த்தாள். கீபோர்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை அப்படியே இறங்கி மங்களம் பாடி முடித்துவிட்டாள்.

அப்போதுதான் ஒரு தம்பதி வேகமாக வந்தார்கள். நல்ல சங்கீதம் தெரிந்தவர்கள் போலிருந்தது. வீதியில் போகும்போது குரல் கேட்டு வந்தார்களாம். யார் பாடியது, போர்டில் பெயரே இல்லையே, தெரிந்திருந்தால் முன்னாலேயே வந்திருப்போமே என்று பெரியப்பாவிடம் கன்னடத்தில் குறைப்பட்டுக்கொண்டார்கள். பெரியப்பா பெருமையாகச் சிரித்து, "நம்ம மனெ ஹுடுகி" என்றார். நம் வீட்டுப் பெண் என்று அர்த்தம். அப்போதும் பெயர் வரவில்லை.

வீட்டில் அன்று ஒரே கொண்டாட்டம். கூட்டத்தைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்து, "எப்படிம்மா இருந்துச்சு கூட்டம்?" என்று கேட்டார். அவர் அவளுக்காகத்தான் அத்தனை வீதியும் அலைந்தார். அதில் பொய்யே இல்லை. அத்தைக்கும் அது தெரியும்.

"ரொம்ப நல்ல கூட்டம்ணா" என்று சொல்லி அவருக்கு ரசம் ஊற்றினாள்.

அடுத்த வருடமும் பெரியப்பா அவளுக்கு ஒரு நாள் வாங்கினார். யார் என்ன பேசினாலும் சரி, இந்தத் தடவை போட்டோவே போடுகிறேன் என்றார். அன்றைக்கு நைட் டியூட்டி விழுந்துவிட்டது, மாற்ற முடியாது என்றாள் அத்தை. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு பிள்ளையார் சதுர்த்திக்கும் அத்தைக்கே டியூட்டி போடுகிற அந்த ஆஸ்பத்திரியின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். போட்டவரைத் தேடிப் போய்ச் சண்டை போட வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். அந்த வருடங்களில் அத்தை வார்டு இன்சார்ஜ் ஆகியிருந்தாள். யாருக்கு எந்த ஷிப்ட் என்று முடிவு செய்வதே அவள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.