என் டிராயரில் இருந்த கையெழுத்துகள்

என் மேசை டிராயரில் ஆறு பேருடைய கையெழுத்துகள் கிடந்தன. பென் டிரைவ் மாதிரி இருக்கும் டோக்கன்கள். கம்ப்யூட்டரில் சொருகி பாஸ்வேர்டை அடித்தால், அந்த ஆள் எந்த ஊரில் இருந்தாலும் படிவத்தில் அவர் கையெழுத்து விழுந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வைத்திருந்தேன். தப்புதான். ஆனால் சின்னக் கம்பெனிகளில் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு இயக்குநரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க யாருக்கு நேரம் இருக்கிறது?

எங்களுடையது விமானக் கம்பெனி. சொன்னால் சிரிப்பார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறைகள்தான் ஆபீஸ். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சின்ன விமான நிலையத்தில் எங்களுக்கு இரண்டு குட்டி விமானங்கள். ஒன்று பறக்கும், மற்றொன்று உதிரி பாகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். டிக்கெட் மலிவு, அதனால் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனியாகக் காசு. ஒருமுறை துறைமுகத்திலிருந்து கருவாட்டு மூட்டையோடு வந்த ஓர் அம்மாவை ஏற்ற முடியாது என்று சொல்லப்போய், "டவுன் பஸ்லயே ஏத்துறான், நீங்க இன்னா பெரிய இது?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கம்பெனியின் தலைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சிங்கப்பூருக்கு வெல்டராகப் போய், அங்கேயே சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தவர். ஊரிலேயே தொழில் ஒன்று இருந்தால் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் நண்பர்களைச் சேர்த்து இதை ஆரம்பித்தார். அரசாங்கத்துக்குப் படிவம் அனுப்பும் வேலையை எனக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அத்தை சிதம்பரத்தில், கீழ வீதியை ஒட்டிய சந்தில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். குழந்தைகள் இல்லை. மாமா தை மாதம் வருவார், பதினைந்து நாள் இருப்பார், போய்விடுவார். அத்தையும் கம்பெனியில் ஓர் இயக்குநர். எண்ணிக்கைக்காகச் சேர்த்த பெயர் அது. நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவருக்குக் கம்பெனியில் வேறு வேலை இருந்ததில்லை.

போன வருடம் கம்பெனி தள்ளாடியது. ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனி பணம் போட முன்வந்தது. அரசாங்க விதி கறாரானது. வெளிநாட்டு விமானக் கம்பெனி நாற்பத்தொன்பது சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். தலைவர் கட்டாயம் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். முக்கியமாக, கம்பெனியின் பிடி உண்மையாகவே இந்தியர் கையில் இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லாப் படிவங்களும் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பணம் வராது, விமானம் நிற்கும், நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நாற்பதில் நானும் ஒருத்தி. வங்கிக் கடனில் வீடு கட்டி, ஜன்னலுக்குக் கதவு போடாமல் நின்றிருந்த நேரம்.

இதற்காகவே மாமா ஊருக்கு வந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"மாமா, பாஸ்போர்ட் காப்பி புதுசா ஒண்ணு வேணும். ஃபைல்ல இருக்கறது பழசு."

"ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வையி. அதுல எம் பேரு இருக்குல்ல."

"ரேஷன் கார்டையெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க. பாஸ்போர்ட்டே குடுங்க."

அவர் டீயை மெதுவாக உறிஞ்சினார். பிறகு பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பாக இருந்தது. நம்முடையது நீலம். அட்டையில் சிங்கப்பூர் என்று இருந்தது, அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

"எப்ப மாமா?"

"ரெண்டு வருஷம் ஆச்சி. அங்க ஒர்க்‌ஷாப்ப பெருசு பண்ணணும்னா இதான் வழின்னாங்க. ஒரு பேப்பர்தான? நா இந்த ஊர்க்காரன் இல்லன்னு எவனாவது சொல்லிடுவானா? உங்க அத்த இன்னிக்கும் கார்டுல எம் பேருக்கும் சேத்துதான் அரிசி வாங்குறா."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுப்பது செத்தவர்களுக்கும் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும்தான். என் பெயரைக் கல்யாணமான மறு மாதமே எடுத்துவிட்டார்கள். மாமாவின் பெயர் இருபத்திரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. அது இருக்கிறவரை தான் வீட்டு ஆள் என்று அவர் நினைத்தார், எல்லோரும் அப்படியே நினைத்தோம். நானே அவரை இந்தியர் என்று படிவத்தில் அடித்து வைத்திருந்தேன். அது அப்படியே போயிருந்தால் பொய்ச் சான்று. உரிமமே போயிருக்கும்.

இயக்குநர் ஆறு பேர், வெளிநாட்டுக் கம்பெனிக்குப் புதிதாக ஓர் இடம், ஆக ஏழு. மாமா வெளிநாட்டவர் ஆனாலும் மூன்றில் இரண்டு என்கிற கணக்கு தப்பிக்கும். தலைவர் நாற்காலிதான் தப்பாது. அவர் ஐந்து நிமிடம் யோசித்தார். மற்ற இயக்குநர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டு முடிக்கும்போது மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பிறகு என்னிடம் சொன்னார்.

"உங்க அத்தய தலைவராப் போட்டுரு. அவுங்கள்லாம் சரின்னுட்டாங்க. பஞ்சாயத்துல லேடீஸ் சீட்டுன்னா ஊட்டம்மாவ நிறுத்திட்டு ஊட்டுக்காரன் பாத்துக்கறதில்லையா? அந்த மாதிரி நா பாத்துக்கறேன்."

"அத்தகிட்ட சொல்லணுமே."

"எதுக்கு? சொன்னா ஏன்னு கேப்பா. டோக்கன்தான் உங்கிட்ட இருக்கே, போடு."

டிராயரைத் திறந்தேன். அத்தையின் பெயர் எழுதிய பிளாஸ்திரி மேலாக இருந்தது. பாஸ்வேர்டு அவருடைய பிறந்த வருடம். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்காமலே போட்டிருக்கிறேன். அன்று கை வரவில்லை. பெரிய நியாயவாதி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன், எனக்குப் பயம், அவ்வளவுதான். பயத்தோடு கோபமும் வந்தது. கட்டின மனைவியிடம் இரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை என் விரலால் மூடி மறைக்கச் சொல்கிறாரே என்று எரிந்தது.

படிவத்தில் மாமாவை வெளிநாட்டவர் என்றும் அத்தையைத் தலைவர் என்றும் மாற்றி அச்செடுத்து, அதையும் டோக்கனையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"நா சிதம்பரம் போறேன் மாமா. நீங்களும் வாங்க."

அவர் வரவில்லை. "உன் வேலையும் இதுலதான் இருக்கு, நெனப்பு இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். சொன்னது மாமாவா தலைவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றது, புதுச்சத்திரத்தில் நின்றது, பரங்கிப்பேட்டை பிரிவில் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணியைப் பார்த்தேன். கண்டக்டர் சில்லறைக்காக ஒரு ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. கடைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றரை.

அத்தை சர்க்கரை மாத்திரை அட்டையைக் கண்ணருகே பிடித்துக் காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அட்டையையும் படிக்காமல் வாடிக்கையாளர் கையில் கொடுக்க மாட்டார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சிவப்பு பாஸ்போர்ட், இரண்டு வருடம், நாற்காலி, ஐந்து மணி, எல்லாவற்றையும். அவர் வந்த ஆளுக்கு மாத்திரை கொடுத்து, மீதியை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு தை வந்துட்டுப் போயிருக்காரு. ஒரு வார்த்த சொல்லல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அந்தப் பேப்பரக் காட்டு."

பதினான்கு பக்கம். மருந்து அட்டை படிக்கிற மாதிரியே ஒவ்வொரு வரியாகப் படித்தார். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட வரியில் விரலை வைப்பார். இரண்டரை. மூன்று. மாமா நான்கு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. பதினோராவது பக்கத்தில் அத்தையின் விரல் நின்றது. 'கம்பெனியின் நிர்வாகக் கட்டுப்பாடு உண்மையிலேயே என் கையில் இருக்கிறது' என்று தலைவர் உறுதி கூறும் இடம்.

"இது நெசமா?"

"இல்ல அத்த. மாமாதான் பாத்துக்குவேன்னாரு."

"அப்ப இதுல நா எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

மணி மூன்றே முக்கால். நாற்பது பேர், என் வீட்டு ஜன்னல், எல்லாம் கண்முன் வந்து நின்றன. கையைப் பிடித்துக் கெஞ்சலாம் என்று நினைத்தேன். அதற்குள் மாமா ஐந்தாம் தடவையாகக் கூப்பிட்டார். அத்தை என் போனை வாங்கினார்.

"ஏங்க, நாந்தான். எல்லாம் சொல்லிட்டா. நா கையெழுத்துப் போடறேன். ஆனா போட்டா நெசமாத்தான் போடுவேன். இனிமே முடிவு எங்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும். சரியா?"

மாமா நீளமாக ஏதோ பேசியது எனக்கு இரைச்சலாகத்தான் கேட்டது. அத்தை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மறுபடியும் "சரியா?" என்றார். மாமா சரி என்றது எனக்கும் கேட்டது, அத்தை போனை என்னிடம் கொடுத்தார்.

டோக்கனைச் சொருகினேன். பாஸ்வேர்டை மாற்றும் இடத்தைக் காட்டச் சொன்னார், தானே அடிக்கும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார். பிறகு கையெழுத்தையும் தானே போட்டார். நான்கு இருபதுக்குப் படிவங்கள் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு டோக்கனைக் கல்லாவில் வைத்துப் பூட்டினார். பிழைத்தோம் என்று இருந்தது.

கிளம்பும்போது அத்தை கல்லாவின் அடியிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்.

"இதுல பேர எடுக்கணும்னா உங் கம்ப்யூட்டர்ல முடியுமா?"

முடியும் என்றேன். அவர் கார்டு நம்பரைச் சொல்லச் சொல்ல அடித்தேன். மாமாவின் பெயரைத் தொட்டதும் ஒரு கட்டம் திறந்தது.

"காரணம் கேக்குது அத்த."

அவர் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் மருந்துச் சீட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

"வெளியூரு போயிட்டாருன்னு போடு" என்று சொல்லிவிட்டு, அந்தச் சீட்டை வாங்க எழுந்து போனார்.