விளக்கை மறைத்த பொட்டு

எங்கள் காரில், பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு திடீரென எரியும். வண்டியை நிறுத்தி எடுத்தால் அணைந்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எரியவே எரியாது. பக்கத்தில் உட்காரும் மாமியார்தான் பதறுவார்: "அம்மணி, மறுக்கா மஞ்சளா எரியுது பாரு!" அலுத்துப்போய், என் நெற்றியிலிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டு, "சரியாயிருச்சுங்க அத்தை" என்றேன்.

போன மாதம் இருவரும் வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. கொண்டை ஊசி வளைவொன்றில் எதிரே பஸ். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரங்கள் இறுகி நின்றன. கார் மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

மறுநாள் பொள்ளாச்சி மெக்கானிக், "எந்தப் பக்கம் திருப்பறப்ப லைட் எரியுதுங்க?" என்று கேட்டார். பொட்டைக் காட்டினேன். "மறைச்சுப்போட்டா எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றபடி அதை உரித்தார். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, முன்சக்கரத்துக்குப் போகும் சென்சார் ஒயரை அசைத்தார். விளக்கு எரிந்தது. நைந்துபோன அந்த ஒயர், முழுக்கத் திருப்பினால் மட்டும் இணைப்பு விட்டுவிடுமாம். அப்போது ஏபிஎஸ் வேலை செய்யாது.

மாமியார் திட்டவில்லை. "செரியாப்போச்சுன்னு நம்பியில்ல உக்காந்திருந்தேன், அம்மணி" என்றார்.

இப்போது எந்த விளக்கு எரிந்தாலும், எங்கே, எந்தத் திருப்பத்தில் என்று உடனே குறித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகிறேன். வண்டி எடுக்கும்போது மாமியார் முதலில் அந்த மஞ்சள் விளக்கைப் பார்ப்பார். அடுத்து, என் நெற்றியை.