வெண்மதியின் கால்மிதியை மிதித்தவர்கள்

யார் வீட்டுக்குப் போனாலும் வெண்மதி முதலில் வாசற்படியைத்தான் பார்ப்பாள். வாங்க என்று கூப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். வாசலில் என்ன கிடக்கிறது, கோணியா, பழைய சட்டையா, கடையில் வாங்கிய மேட்டா, அது அழுக்காக இருக்கிறதா இல்லையா, இவ்வளவும் தெரிந்தால்தான் அவளுக்கு உள்ளே போகக் கால் எழும்பும். தெரியாதவர்கள் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். கூச்சமாவது ஒன்றாவது. அவளைவிடப் பிடிவாதக்காரியை இண்டூரில் விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது.

வெண்மதிக்கு முப்பத்துமூன்று வயது. எழுத்து ஏறவில்லை, கணக்கு ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் அறிவுசார் குறைபாடு என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊராருக்கு வாய் வலிக்கும் போல, பாப்பா என்று கூப்பிட்டு முடித்துக்கொண்டார்கள். அவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் அவளைப் பாப்பா என்கிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

தினமும் காலையில் அம்மா கோவிந்தம்மாள் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பாப்பாரப்பட்டியில் இறங்கி, மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம் இருக்கும் பட்டறைக்கு வெண்மதி தானே நடந்து போவாள். பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு அறை, ஒரு தையல் மிஷின், வெண்மதி மாதிரியே படிப்பு ஏறாத பதினோரு பேர். எல்லோரும் இருபது வயதைத் தாண்டியவர்கள். அதை நடத்துகிற ஷகிலா டீச்சர் முன்பு தையல் கடை வைத்திருந்தவர். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, பட்டறையை ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. அங்கே செய்கிற சரக்கு ஒன்றே ஒன்று, துணியில் பின்னிய கால்மிதி.

திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் கழிவுத் துணியை அவர்களில் ஒருவரான முதசிர் நாடாவாக வெட்டுவார். நாற்பது வயது ஆள். ஓர் ஐஸ் குச்சியை வைத்து அளந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை மயிரிழை பிசகாமல் வெட்டுவார். ஆனால் அவர் கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது பக்கத்தில் எதையும் வைத்துவிடக் கூடாது. ஒருமுறை டீச்சர் கொடியில் காயப் போட்டிருந்த துப்பட்டாவும் அழகான நாடாவாகிவிட்டது. அந்த நாடாவை வாங்கி, நாலு பக்கமும் ஆணி அடித்த மரச்சட்டத்தில் மாட்டிப் பின்னுவது வெண்மதியின் வேலை. எண்ணத் தெரியாதவளுக்கு எந்த ஆணியிலிருந்து எந்த ஆணிக்கு என்று எப்படிச் சொல்வது? டீச்சர் நாலு கலரில் நகப் பாலீஷ் வாங்கி வந்து ஆணித் தலைகளில் பூசிவிட்டார். சிவப்பிலிருந்து சிவப்புக்கு, பச்சையிலிருந்து பச்சைக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று. கடைசியில் நாலு மூலையிலும் இரட்டை முடிச்சு. கை பழகியபின் வெண்மதி ஆணியைப் பார்க்காமலே பின்னினாள்.

சரக்கு விற்காமலும் இல்லை. தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைப் பட்டறையில் கொண்டாட வருகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். நூற்றிருபது ரூபாய் கால்மிதிக்கு இருநூறைக் கொடுத்து, மீதியை நீயே வெச்சுக்கம்மா என்றார்கள். போகும்போது பாவம் என்றார்கள். அந்தச் சொல்லை வெண்மதி பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேர் சொல்கிற சொல்தானே.

வினை கடத்தூரில் காத்திருந்தது. அங்கே சின்னம்மா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். வெண்மதி வழக்கம் போல வாசலைப் பார்த்தாள். கடையில் வாங்கிய ரப்பர் மேட் கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் அதில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். போன வருஷம் சின்னம்மா தன்னிடம் வாங்கிய சிவப்புக் கால்மிதி எங்கே என்று வெண்மதி ஒவ்வொரு அறையாகத் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்தாள். ஹாலில் இருக்கும் ஷோகேஸின் உச்சியில், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், கவர்கூடப் பிரிக்காமல் அது உட்கார்ந்திருந்தது.

"சின்னம்மா, இது ஏன் மேல இருக்குது?"

"பத்திரமா வெச்சிருக்கறேன் பாப்பா. நீ கை நோவப் பின்னுனது. அதப் போய் காலால மிதிப்பாங்களா?"

"மிதிக்கத்தான் பின்னுனேன்."

சின்னம்மா சிரித்தாள். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். எவ்வளவு வெவரமா பேசுது பாருங்க என்று ஒருவர் மெச்சிக்கொண்டார். வெண்மதி சாப்பிடவில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்ததும் டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம கால்மிதிய யாரு மிதிக்கறாங்க?"

டீச்சர் ஒன்றும் புரியாமல், சரி கேட்டுத்தான் பார்ப்போமே என்று வாங்கியவர்கள் நாலைந்து பேருக்கு அங்கேயே போன் போட்டார். ஒருவர் வீட்டில் டிவிக்கு மேலே விரித்திருந்தார்கள். ஒருவர் காரின் பின்சீட்டில் போட்டிருந்தார். இன்னொருவர் இன்னும் ஒருபடி மேலே போய், சாமி ரூமில் விரித்து அதன்மேல் குத்துவிளக்கை வைத்திருந்தார். எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு வெண்மதி என்ன செய்வாள்?

"உங்க வூட்டுல எங்க இருக்குது டீச்சர்?"

ஷகிலா டீச்சருக்குப் பொய் வராது. "பீரோவுலம்மா" என்றார்.

வீட்டில் நடந்தது இன்னும் மோசம். மகள் படும் பாட்டைப் பார்த்து கோவிந்தம்மாள் ஒரு கால்மிதியை எடுத்து வாசலில் போடத்தான் போட்டாள். ஆனால் உள்ளே வரும்போதெல்லாம் அதைத் தாண்டிக் குதித்தாள். முட்டி வலிக்கு மாத்திரை தின்கிறவள், அறுபது வயதில், பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தாண்டு. மிதிம்மா என்று வெண்மதி கத்தினால், மிதிக்கறேன்டி என்பாள். மறுபடியும் தாண்டுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். "மத்தவங்க புள்ள நோட்டு நோட்டா எழுதிக் காட்டுச்சு. எம் புள்ள கைய நான் இதுலதான் பாக்கறேன். எப்பிடிங்க கால வெக்கறது?"

வெண்மதிக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும் கோபம் தணியவில்லை. ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, அழுக்குக் காலோடு தன் கால்மிதியில் ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் கேட்க மாட்டாள். மூன்று நாள் சட்டத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் கறுப்பு நாடாவையும் மஞ்சள் நாடாவையும் எடுத்து, யாரையோ அடிக்கிற மாதிரி இழுத்து இழுத்து ஒன்றைப் பின்னினாள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தாள். பட்டறைக்குள் வருகிறவர்களை அவள் நம்பத் தயாராக இல்லை.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் டீச்சர் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பணம் வாங்குவதற்கு ஓர் அட்டையும் கொடுத்தார். அதில் ஒரு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு பத்து ரூபாய் நோட்டும் படமாக வரையப்பட்டிருந்தன. கொடுக்கிற நோட்டுப் படத்தோடு பொருந்தினால் கால்மிதியைக் கொடுக்கலாம். இதுதான் வெண்மதியின் வியாபாரக் கணக்கு.

பத்து மணி வாக்கில் ரோசம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி மெஸ் நடத்துகிறவள். கத்தரிக்காய் வாங்கினாலும் கடைக்காரனைக் கலங்கடிக்காமல் வாங்க மாட்டாள். கறுப்பு மஞ்சள் கால்மிதியைத் தூக்கினாள், இழுத்தாள், முகர்ந்தாள், மண்ணில் போட்டுப் பார்த்தாள்.

"தண்ணி இழுக்குமா? எவ்ளோ?"

"நூத்தியிருவது."

"யாருகிட்ட சொல்ற? துணிக்கழிவுக்கு நூத்தியிருவதா? தொண்ணூறு தர்றேன், கட்டு."

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் இதுவரை ஒருவரும் பேரம் பேசியதில்லை. ரோசம்மாள் நீட்டிய நோட்டுகளை வாங்கி அட்டையில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"படத்துல இருக்கற மாதிரி குடுங்கக்கா."

"நூறு வெச்சுக்க."

"படத்துல இருக்கற மாதிரி."

ரோசம்மாள் திட்டினாள், போவது போல நாலு அடி நடந்தாள், திரும்பி வந்தாள். ஊரையே மடக்குகிறவளை அந்த அட்டை மடக்கிவிட்டது. "சரியான ஆளத்தான் கடையில உக்கார வெச்சிருக்காங்க" என்று முனகிக்கொண்டே நூற்றிருபதைக் கொடுத்தாள். பாவம் என்று சொல்லவில்லை. கால்மிதியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். வெண்மதி அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம், மிதிப்பாங்க போல, என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து, மழைக்காலத்தில், ரோசம்மாள் பட்டறைக்கே வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையைக் கவிழ்த்ததும் ஈரச் சொதசொதப்போடு ஒன்று தரையில் விழுந்தது.

"இந்தா பாருங்க உங்க சரக்க. மூணு மாசம் முழுசா வரல. மூலை பிஞ்சி தொங்குது."

ஷகிலா டீச்சர் பதறிப்போய் எழுந்தார். "மன்னிச்சுக்குங்கக்கா. வேற புதுசு எடுத்துக்குங்க, காசு வேணாம்."

அதற்குள் வெண்மதி வந்து அதை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். மஞ்சள் எது, கறுப்பு எது என்று தெரியவில்லை. சேறும் சாம்பாரும் எச்சில் தண்ணீருமாக நாறியது. நடுவில் ஆட்கள் நின்று நின்று இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளங்களை அவள் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"நல்லா அழுக்காயிருக்குது" என்றாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பின்ன? கை கழுவற எடமும் வாசல்லதான், அங்கதான் கெடக்குது. ஒரு நாளைக்கி எரநூறு பேரு மிதிக்கறாங்க."

"எரநூறுன்னா எத்தினி?"

ரோசம்மாள் அந்தக் கேள்விக்குச் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்து யோசித்தாள். "இந்த ரூமு ரொம்பி, அந்தாண்ட மில்லு கேட்டு வரைக்கும் வரிசையா நிப்பாங்க."

வெண்மதி கேட் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிய்ந்த மூலையைப் புரட்டினாள். "ஒரு முடிச்சுதான் போட்டிருக்குது. ரெண்டு போடணும். நாந்தான் உட்டுட்டேன். கோவத்துல."

"யாரு மேல கோவம்?"

"மிதிக்காதவங்க மேல."

ரோசம்மாளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரமுமில்லை. "சரி, எப்பத் தருவ?"

"நாளைக்கி."

"நாளைக்கின்னா நாளைக்கி. கஸ்டமர் வழுக்கி உழுந்தா நீதான் பதில் சொல்லணும் கால்மிதிக்காரம்மா."

அவள் போனபிறகும் வெண்மதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் எதற்கும் யாரும் அவளைப் பதில் சொல்லச் சொன்னதில்லை. டீச்சர் புது நாடா தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். உதவி செய்ய முதசிர் கத்தரிக்கோலோடு கிளம்பி வந்தார். வெண்மதி கால்மிதியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவரை அந்தப் பக்கமே அண்ட விடவில்லை. துவைத்து, பிழிந்து, மின்விசிறிக் காற்றில் காய வைத்து, அந்த மூலையில் இரண்டு முடிச்சுப் போட்டாள். மற்ற மூன்று மூலைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் ஒவ்வொன்று கூடுதலாகப் போட்டாள்.

மறுநாள் அம்மாவையும் வா என்று பஸ்ஸில் ஏற்றினாள்.  பாப்பாரப்பட்டியில் விடிந்ததிலிருந்து மழை. பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு. வெண்மதி முன்னால் நடந்து போய் மெஸ் வாசலில் கால்மிதியைப் போட்டாள். ரோசம்மாள் மூலையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, உட்காரு, இட்லி சாப்பிட்டுட்டுப் போ என்றாள். வெண்மதி வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு டிரைவர் ஏறினார், தேய்த்தார். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர் ஏறினார்கள். ஒருவர் செருப்போடு ஏறினார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

பின்தங்கி வந்த கோவிந்தம்மாள் செருப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். கீழே பார்த்தாள். மகளின் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழக்கம் விடுமா? புடவையைக் கொஞ்சம் தூக்கினாள், ஒரு காலை எடுத்தாள்.

"ஏங்க, சகதிக் காலோட எங்க தாண்டறீங்க?" ரோசம்மாள் கல்லாவிலிருந்து அதட்டினாள். "தரையெல்லாம் யாரு கூட்டறது? கால்மிதி எதுக்குக் கெடக்குது?"

கோவிந்தம்மாள் தூக்கிய காலோடு மகளைப் பார்த்தாள். வெண்மதி அந்தக் காலையே பார்த்தாள். இட்லியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

கோவிந்தம்மாள் காலை இறக்கினாள். கால்மிதியின் நடுவில், அந்தப் பள்ளங்களில், முதலில் வலது காலை வைத்தாள். பிறகு இடது காலையும் வைத்தாள்.

"ரெண்டையும் நல்லாத் தேயும்மா" என்றாள் வெண்மதி. தேய்த்து முடிக்கிறவரை பார்த்திருந்துவிட்டுத்தான் இட்லியைச் சட்னியில் தொட்டாள்.