ஒரு மாலை நின்ற வளைவு

நேற்று அடித்த முளைக்குச்சியைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி அடித்தார் தையல்காரர். நாலடி பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி பிடுங்கினார். கடையை அடைத்துவிட்டு வந்தால் கொல்லைப்புறத்தில் தினமும் இதே கூத்துதான். கழுத்தில் அளவு நாடா தொங்கும். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். தட்டில் தோய்ந்து தோய்ந்து அதன் நுனி பழுப்பேறிவிட்டது. அந்தப் பக்கத்து எண்களை மனப்பாடமாகவே படிப்பார்.

கடையில் ஆள் வேறு. சொன்ன நாளில் சட்டை தயாராக இருக்கும். "வாக்கு குடுத்தா குடுத்ததுதான் சார்" என்பார், வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே. ஊருக்கெல்லாம் கறாரான மனிதர் வீட்டு வேலை என்று வந்தால் மட்டும் ஆமையாகிவிடுவார். "துணின்னா எனக்குத் தெரியும், வெட்டிடுவேன். மரத்தை வெட்டிட்டு அளவு தப்பிச்சுன்னா என்ன பண்றது?" அந்தப் பயத்தில், வாங்கிப்போட்ட மரச்சட்டங்கள் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே கிடந்தன.

பந்தலா, வளைவா என்பதுதான் வழக்கு. நான்கு தூண் நட்டு, மேலே சட்டம் அடித்து, குடும்பமே உட்காரும்படி ஒரு மரப்பந்தல் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி கேட்டது சின்னது. பின்வேலிக் கதவுக்கு மேலே கொடி படர ஒரு வளைவு, அடியில் இரண்டு பேர் உட்கார ஒரு பலகை. இருக்கிற மரம் ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கையின் வீடு. சாயங்காலமானால் அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கதவடியில் உட்கார்ந்துவிடுவார்கள். "அப்புறம்?" என்று தங்கை ஆரம்பித்தால் போதும், தெருவே அங்கே துவைத்துக் காயப்போடப்படும்.

"பசங்க எல்லாரும் ஒண்ணா வந்தா எங்க உக்காருவாங்க?" என்பார் தையல்காரர்.

"வர்றப்போ பாத்துக்கலாம். தினமும் வந்து உக்கார்றது யாரு? அதைச் சொல்லுங்க."

அவர் மறுபடி முளைக்குச்சியிடம் போய்விடுவார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். ஒருவர் வந்தால் இன்னொருவருக்கு லீவு கிடைக்காது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்த பந்தல் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

ஒரு நாள் மனசு கேளாமல், கோட்டு தைக்கும்போது ஒட்டுத்தையல் போட்டுப் பார்ப்பதுபோல வளைவுக்கும் டிரையல் பார்த்தார். பழைய பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கதவின் இரண்டு பக்கமும் ஊன்றினார். நைந்துபோன பூப்போட்ட படுக்கைவிரிப்பை அதன்மேல் போட்டு, பெரிய பெரிய தையலாக ஓட்டி நிறுத்தினார். சகோதரிகள் வாளிகளை அதனடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"மாமா, காலரும் பொத்தானும் வச்சிட்டீங்கன்னா நான் இதைப் போட்டுக்கிட்டே போயிடுவேன்" என்றாள் கொழுந்தியாள். மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. இருட்டத் தொடங்கியதும் அவர் தையலைப் பிரித்தார்.

"இப்படியே இருந்துட்டுப் போகட்டுமேங்க."

"டிரையல் துணியைப் போட்டுக்கிட்டு யாராவது விசேஷத்துக்குப் போவாங்களா? நல்ல மரத்துல நானே செஞ்சு தர்றேன்."

அளவில் ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி இருந்தது. அது தீர்ந்ததும் இன்னொன்று முளைத்தது. அதற்குள் தங்கையை அவள் மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு கைமாறியது. வந்தவர்கள் வேலியை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார்கள். அவர்கள் இடம், அவர்கள் சுவர், யாரை நோக? கொத்தனார் அந்தச் சின்னக் கதவைக் கழற்றி இந்தப் பக்கம் சாய்த்தபோது தையல்காரர் பக்கத்திலேயே நின்றார். 

மனைவி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. "இனிமே பந்தலே போடுங்க, உங்க இஷ்டம்" என்றாள். இத்தனை நாளும் அவர் காதால் கேட்கத் தவம் கிடந்த சொல்தான். கிடைத்தபோது நெஞ்சை அறுத்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அன்னிக்கு அவுக்காம விட்டிருக்கணும்" என்று இப்போதெல்லாம் தையல் மெஷினைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறார். அளவு கொடுக்க வந்தவர்கள் தங்கள் சட்டையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பயந்துபோகிறார்கள்.

போன வாரம் கடையைச் சீக்கிரமே அடைத்தார். பரணிலிருந்து அதே குழாயையும் அதே விரிப்பையும் இறக்கினார். நாடாவை எடுக்கவே இல்லை. சுவரை ஒட்டிக் குழாயை ஊன்றி, கண்ட இடத்தில் ஊசியைக் குத்தித் தைத்து முடித்தார். காயப்போட்ட துணியை எடுக்க வந்த மனைவி துணிக்கொடியடியிலேயே நின்றுவிட்டாள்.

"டிரையலா?"

"இல்ல. இதை அவுக்க மாட்டேன்."

அவள் துணிக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து தன் வாளியில் உட்கார்ந்தாள். எதிரே சுவர். பக்கத்தில் தங்கையின் வாளி. அதன்மேல் படிந்திருந்த தூசியை அவர் சட்டை முனையால் துடைத்தார். உட்காரப்போகிறார் என்று அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவர் அந்த வாளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.