நர்ஸுக்கு ஒரு வீடு

தரகு அக்காவை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. வீட்டைப் பற்றிக் கூசாமல் கூட்டிச் சொல்வாள். பக்கத்து வீட்டுச் சுவரை முட்டி நிற்கும் ஜன்னலைக்கூட 'காத்து பிச்சுக்கிட்டு வரும்' என்பாள். ஆனால் குடிவருகிற ஆளைப் பற்றி ஒரு சொல் மாற்றிச் சொல்ல மாட்டாள். வீட்டுக்காரர்கள் அவளை நம்பியது அதனால்தான்.

நோய் பரவியதும் தொழில் படுத்துவிட்டது. வேலை போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். தெரு நெடுக 'வாடகைக்கு' அட்டைகள். அக்கா முகக்கவசத்தோடு காலி வீடுகளுக்குப் போய், அடைந்த வாடை போக ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழாயில் கலங்கல் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு போனில் வீடியோ போட்டுச் சுற்றிக் காட்டினாள். ஓதம் ஏறிய சுவர் வரும்போது மட்டும் நடையில் ஒரு வேகம் வந்துவிடும்.

அப்படிக் காட்டிய ஒரு வீடு ஒரு நர்ஸுக்குப் பிடித்துப்போனது. கொரோனா வார்டில் வேலை என்று தெரிந்ததும் பழைய வீட்டுக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் துணி அடுக்கும் அறையில் படுக்கிறாள். அக்கா உடனே அந்தக் காலி வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?"

ஆபீஸ் வேலை என்றால் காரியம் முடிந்திருக்கும். அப்படிச் சொல்ல அக்காவுக்கு நாக்கு வரவில்லை.

"ஆஸ்பத்திரில நர்ஸ், சார்."

"ஏம்மா, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அந்தப் பொண்ணுதானே சார் பாக்கணும்?"

"அங்க பாக்கட்டும். இங்க வேண்டாம்."

அக்கா தெரிந்த வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தாள். ஆளுக்கொரு சாக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"மனுஷங்களா இவங்க? வீட்டைப் பூட்டிப் போட்டாலும் போடுவாங்களாம், அவளுக்குத் தரமாட்டாங்களாம்."

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நம்ம மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? அங்க வந்து இருக்கச் சொல்லேன்."

அக்கா முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"உங்களுக்கு சுகர் இருக்கு," என்றாள். "ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நர்ஸ்தான்.

"அக்கா, ஏதாச்சும் அமைஞ்சுதா?"

அக்கா கணவரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள்.

"இல்லம்மா. யாருமே தரமாட்டேங்கறாங்க."

"பரவால்லக்கா. நீங்களாவது எனக்காக இவ்வளவு அலையறீங்களே."

அக்கா போனை வைத்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் திரும்பக் கூப்பிடவில்லை.