சுரங்கத் தண்ணீருக்கு அப்பா வெட்டிய மடை

பிள்ளைகளே, நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆப்பிரிக்கா போயிருக்கிறேன். மதுரையைக்கூடப் பார்க்காதவன் நேராகச் சிங்கம் பார்க்கப் போனேன். அம்மாவின் தம்பி அங்கே ஒரு சஃபாரி விடுதியில் சமையல்காரர். மழைக்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை, அறை சும்மாதான் கிடக்கிறது என்று அரையாண்டு லீவுக்கு எங்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார்.

ஒரு காலத்தில் தங்கம் வெட்டிய இடம் அது. மலை முழுக்கப் பழைய குழிகள். நாங்கள் தங்கிய அறை சுரங்கத்துத் துரைமார் குடியிருந்த வீட்டில் இருந்தது. சிங்கம் கடைசிவரை வரவில்லை. வரிக்குதிரைகள் மட்டும் ஜன்னல் பக்கம் வந்து எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின.

விடுதிக் காவல்காரருக்கு வேலிக்கு அப்பால் நாலு மாடுகள் இருந்தன. அந்த ஊரில் பெண் எடுக்கிறவர்கள்தான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். மகன் கல்யாணத்துக்காகவே அவர் அவற்றை வளர்த்தார். இதைக் கேட்டதும் அம்மா, “பொண்ணப் பெத்தவங்க இங்க பொறந்திருக்கலாம்” என்று அப்பாவை ஒரு இடி இடித்தாள்.

அப்பாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஊரில் சம்பா கதிர் விடுகிற நேரம். வயலில் தண்ணீர் நிற்கிறதா, வடிந்ததா என்று போனில் கேட்டபடியே இருந்தார்.

மூன்றாம் நாள் அங்கேயும் மழை கொட்டியது. விடிந்ததும் அப்பாவும் நானும் நடக்கப் போனோம். மலையடியில் மண்மூட்டை அடுக்கி ஒரு கரை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் தேங்கிய தண்ணீர் ஏறி, வேலைக்காரர்களின் மக்காச்சோளக் கொல்லைக்குள் நின்றது.

“வடிய விடாம எவன்டா இப்படி அடைச்சு வச்சிருக்கான்? வேரு அழுகிப்போயிடுமே!”

தோட்டத்து மண்வெட்டியை எடுத்து வந்து மடை வெட்டினார். நான் மூட்டைகளை இழுத்துப் போட்டேன். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் திமுதிமுவென்று வேலியைத் தாண்டிப் பள்ளத்துக்கு ஓடியது. புல்லில் ஒரு இங்கிலீஷ் போர்டு சாய்ந்து கிடந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். நான் படிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பள்ளத்தருகே காவல்காரரின் மாடுகளில் மூன்று செத்துக் கிடந்தன.

அது சுரங்கத்திலிருந்து கசிகிற விஷத் தண்ணீர். கீழே போய்விடக் கூடாது என்றுதான் அடைத்து வைத்திருந்தார்கள். கரையைப் பார்த்துக்கொள்வது காவல்காரர் வேலை. மழையில் கரை உடைந்தது, நீ போய்ப் பார்க்கவில்லை என்று மேனேஜர் அவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்.

அப்பா எழுந்தார். மாமா கதவை மறித்துக்கொண்டார்.

“அத்தான், வாயத் தொறக்காதீங்க. என் வேலையும் போயிடும்.”

“மாப்ள, அந்த ஆளு என்னய்யா பாவம் பண்ணினாரு?”

“தம்பி சொல்றதக் கேளுங்க” என்று அம்மா அழுதாள். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் காவல்காரர் மூட்டை முடிச்சோடு விடைபெற வந்தார். இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டி என்னவோ சொன்னார்.

“என்ன மாமா சொல்றாரு?”

மாமா தரையைப் பார்த்தபடி, “மூட்டைய நல்லாத்தான் அடுக்குனேன், எப்படி ஒடஞ்சுதுன்னே தெரியலைங்கறாரு” என்றார்.

அப்பா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. தனக்காக அழுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, காவல்காரர் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது விமானத்தில் அப்பா எதையும் தொடவில்லை. அவர் பங்குக் கேக்கையும் நானே தின்றேன். மாமா வேலை தப்பியது, நம்மையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.